ஈரத்துணி கட்டிய கம்பு

எனக்கு ஓரிடத்தில் உட்கார்ந்திருக்க வராது. கோயிலில் ஜெபம் நீண்டால் பெஞ்சுக்கு அடியில் என் கால் தானாக ஆடும். பெண்கள் பக்கத்திலிருந்து அம்மா திரும்பிப் பார்ப்பாள், கால் நிற்கும், அவள் கண்ணை மூடியதும் மறுபடி ஆடும். ஸ்கூல் பைனல் தேறிய பிறகு அந்த ஆட்டம் கூடிவிட்டது. அப்பா மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். மலையாளக் கணக்கில் மிதுன மாதம், அதாவது ஆனியில், டிரெயினிங் பள்ளி திறந்ததும் என்னை அதில் சேர்த்து, தம்மைப் போலவே கரும்பலகை முன்னால் நிறுத்திவிட வேண்டும் என்பது அவர் தீர்மானம். காலையில் ஒரு பெருக்கல், மாலையில் ஒரு பெருக்கல், இடையில் முப்பது வருஷம். நினைத்தாலே எனக்கு மூச்சு முட்டும்.

அந்தச் சமயத்தில்தான் மாமா வந்தார். அம்மாவின் அண்ணன். தாடகை மலை அடிவாரத்தில் எஸ்டேட் துரைமார் சேர்ந்து நடத்திய கிளப்பில் பட்லர். வெள்ளைக் கோட்டும் பித்தளைப் பொத்தானுமாக வந்து உட்கார்ந்து, அம்மா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுச் சொன்னார்:

"படிச்ச பயல வீட்டுல கட்டிப்போட்டு என்ன செய்யிய? கிளப்புல கம்பு பாக்க ஒரு ஆளு வேணும்னு துரை சொல்லுதாரு. இங்கிலீசு வாசிக்கத் தெரிஞ்சவனா இருக்கணுமாம். கூட்டிட்டுப் போட்டா?"

அப்பா செய்தித்தாளை மடித்தார். "மிதுனம் வரைக்கும்" என்றார். நான் அதற்குள் சட்டையை மாட்டிவிட்டேன்.

கம்பு என்றால் கோல்ஃப் கம்பு. சுற்றுவட்டாரத்து ஜனங்களுக்கு அது துரைமாருடைய கிட்டிப்புள். சீமையில் அதைப் பச்சைப்பசேல் என்ற புல்லில் ஆடுவார்களாம். எங்கள் அடிவாரத்தில் இருந்தது ஒரு பொட்டல். அதில் ஆறு குழிகள். குழியைச் சுற்றிப் புல் வராததால், எண்ணெய் தெளித்து இறுக்கிய மணலை வட்டமாகப் பரப்பியிருந்தார்கள். ஆட்டம் இல்லாத நாளில் ஆடு மேயும். ஆட்டமுள்ள நாளிலும் மேயும். பொட்டலின் ஓரமாகப் பாசனச் சானல் போகிறது. கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெல் போகத்துக்கும் தண்ணீர் ஓடும். அறுப்பு முடிந்ததும் அடைத்துவிடுவார்கள். கோடையில் வெறும் மண்பள்ளம். ஆறாவது குழிக்குப் பந்தை அந்தப் பள்ளத்தைத் தாண்டி அடிக்க வேண்டும்.

ரப்பர் விலை விழுந்து கிடந்த காலம் அது. துரைமார் புதுக் கம்பு வாங்குவதை நிறுத்தி, இருப்பதைப் பழுதுபார்த்து ஓட்டினார்கள். அதனால்தான் எனக்கு வேலை.

கம்பு அறைக்குள் முதல் நாள் நுழைந்தபோது தேங்காயெண்ணெய் சிக்கு நாற்றம் அடித்தது. மாமாதான் அதுவரை கம்புகளைப் பார்த்துக்கொண்டவர். மரம் என்றால் தேங்காயெண்ணெய், தோல் என்றால் தேங்காயெண்ணெய், இரும்பு என்றாலும் அதுதான். கைப்பிடித் தோலை எலி கடித்திருந்தது. கம்பின் தண்டு ஹிக்கரி என்ற அமெரிக்க மரம். வளைந்து நிமிரும், லேசில் ஒடியாது. தலை சிலதில் மரம், சிலதில் இரும்பு. அத்தனையையும் வராந்தா மேசையில் அடுக்கிப் பார்த்தேன். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. சந்தோஷத்தில்தான்.

கிளப்பில் பழைய இங்கிலீஷ் பத்திரிகைகள் குவிந்து கிடந்தன. கம்பு பேணுவதைப் பற்றி எது வந்திருந்தாலும் கிழித்து வைத்துக்கொண்டேன். ஹிக்கரிக்கு ஆளிவிதை எண்ணெய்தான் பூச வேண்டும், அதுதான் மரத்துக்குள் போய் உலரும் என்று அதில் இருந்தது. கோட்டாறு கடைத்தெருவுக்கு ஓடினேன். பெயிண்ட் விற்கிறவரிடம் கிடைத்தது. தலையும் தண்டும் சேருமிடத்தில் நூல் சுற்ற அம்மாவின் லேஸ் நூலை எடுத்தேன், அறுந்தது. குளச்சலிலிருந்து மீன் கொண்டுவருகிறவரிடம் சொல்லி வலை நூல் வாங்கி, மெழுகு தடவிச் சுற்றினேன், நின்றது. இரும்புத் தலையில் துருவைச் செங்கல் பொடி போட்டுத் தேய்த்தேன். தண்டு நேராக இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடி ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்ப்பேன். பிறகு விரல் முட்டியால் தட்டுவேன், சந்தையில் பானை வாங்குகிறவர்கள் தட்டுகிற மாதிரி. நல்ல தண்டு 'டங்' என்று சொல்லும். விரிசல் கண்டது வேறு மாதிரி சொல்லும். சனிக்கிழமை தோறும் ஒவ்வொரு கம்பையும் இப்படி எடுத்துப் பார்த்தேன். மற்ற நாட்களில் சும்மா இருக்க முடியாமல் மறுபடியும் பார்த்தேன்.

"லேய், அதுக்கு வாயிருந்தா அழும்," என்பார் மாமா, தட்டைத் துடைத்துக்கொண்டே.

"சிக்கெண்ணெய் பூசினதுக்குத்தான் முதல்ல அழும் மாமா."

"பூசினேன். பதினெட்டு வருசம் பூசினேன். எந்தத் துரைக்க கம்பாவது செத்துப் போச்சா?"

மேட மாதம், சித்திரை வெயில் ஏறிக்கொண்டிருந்தபோது கிளப் செக்ரட்டரி துரை என்னைக் கூப்பிட்டார். சிவந்த முகம், எப்போதும் எதையோ தொலைத்த மாதிரி பார்வை. எஸ்டேட் தமிழ் பேசுவார்.

"நீ நல்லா வேலை செய்யிறே. ஆனா காசு இல்லே. திருவனந்தபுரத்துக்காரங்க கூட மேட்ச் வருது. அன்னிக்கி எந்தக் கம்பும் தகராறு பண்ணலேன்னா, மழைக்காலம் முழுக்க நீ இருக்கலாம். ஒரு கம்பு தகராறு பண்ணினாலும் பட்லர் பழையபடி பாத்துக்கட்டும். நீ வீட்டுக்குப் போ."

வெளியே வந்து பொட்டலை இரண்டு சுற்றுச் சுற்றினேன். இடவப்பாதியில், வைகாசி நடுவில், மழை தொடங்கும். மலையடிவாரத்து ஈரத்தில் இரும்பு ஒரே ராத்திரியில் சிவக்கும், தோலில் பூசணம் பூக்கும். கம்புக்கு ஆள் வேண்டியது அப்போதுதான். அந்த மழைக்காலம் எனக்குக் கிடைத்தால் டிரெயினிங் பள்ளி ஒரு வருஷம் தள்ளிப்போகும். ஒரு வருஷத்தில் என்னென்னவோ நடக்கலாம். கிடைக்காவிட்டால் கரும்பலகை.

உடனே எல்லாக் கம்புகளையும் மறுபடி மேசைக்குக் கொண்டுவந்தேன். அப்போதுதான் துரைசானியின் மாஷியைத் தட்டினேன்.

துரைசானி செக்ரட்டரி துரையின் தமக்கை. கல்யாணம் செய்துகொள்ளாதவர். தம்பியைப் போலச் சீமைக்குப் படிக்கப் போகாமல், எஸ்டேட்டிலேயே பிறந்து ஆயாவிடம் வளர்ந்ததால் எங்களைப் போலவே பேசுவார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் பூதப்பாண்டிச் சந்தையில் யாரோ விலை பேசுகிறார்கள் என்று தோன்றும். கிளப்பில் எல்லோரையும்விட நன்றாக ஆடுகிறவர் அவர்தான். மாஷி என்பது நடுத்தர நீளமுள்ள ஓர் இரும்புத்தலைக் கம்பு; பந்தை உயரத் தூக்கி, ஓடவிடாமல் இறக்குவதற்கு. அவருடைய மாஷி அவர் அப்பாவுடையது. வேறு மாஷியைத் தொடமாட்டார். வட்டக்கோட்டைக்குப் போகும்போதுகூட எடுத்துப்போய்க் கோட்டைச் சுவரடியில் கடல் மணலில் அடித்துப் பழகுவார். உப்போடு திரும்பி வரும். சனிக்கிழமை மட்டும்தான் அது என் கைக்கு வரும்; மேட்ச்சுக்காக இந்தத் தடவை வாரத்தின் நடுவிலேயே வந்திருந்தது.

தட்டினேன். 'பொத்' என்றது.

தலையைப் பிடித்து அசைத்தேன். கழுத்தில் லேசாக ஆடியது. தண்டையும் இரும்பையும் சேர்த்துக் குறுக்கே அடித்திருந்த ஆணி துருவேறி, அதைச் சுற்றிப் பழுப்பாக ஏதோ கசிந்து காய்ந்திருந்தது. வெயில் காலத்தில் மரம் சுருங்கும், தலை ஆடும், அது தெரிந்ததுதான். ஆனால் இந்தக் கசிவு என்ன? மாமாவிடம் கேட்டேன்.

"அதுவா. வெள்ளிக்கிழமை ராத்திரி வாளியில வெள்ளம் வெச்சுத் தலைய முக்கி வெப்பேன். காலையில கல்லு மாதிரி இருக்கும். மண்வெட்டிப் பிடி ஆடினா என்ன செய்வோம்? சானல்ல ஒரு ராத்திரி போட மாட்டமா? அதே கணக்குத்தான். நீ வந்த பெறவும் நான்தான் செய்யேன். துரைசானிக்குத் தெரியாது. பட்லர் கைராசின்னு சொல்லுவாவ."

அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. நான் யோசித்துப் பேசியிருக்கலாம். என் வாய் என் காலைப் போலத்தான்.

"அப்படியானா உள்ளே மக்கிப் போயிருக்கும் மாமா. மண்வெட்டிப் பிடி ஒடிஞ்சா வேற பிடி போட்டுக்கலாம். இது மேட்ச்சுல கழண்டு பறந்தா யார் மண்டையிலயாவது விழும்."

"பதினெட்டு வருசமா விழல்ல. நீ வந்து ரெண்டு மாசத்துல விழுமோ? இந்த வெள்ளிக்கிழமையும் ஊறப்போடுதேன். ஒரு நாளு தாங்கும். ஒனக்கு வேண்டியது ஒரு நாளுதானே?"

அதில் பொய் இல்லை. ஒரு நாள் தாங்கக்கூடும். அவர் ஊறப்போட, நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் மழைக்காலம் எனக்கு. ஆனால் அந்தப் 'பொத்' என் காதை விட்டுப் போகவில்லை. படுத்தால் கேட்டது. மறுநாள் காலை மாமா சந்தைக்குப் போனதும், யாரையும் கேட்காமல் ஆணியைத் தட்டி வெளியே எடுத்துத் தலையைத் திருகி இழுத்தேன். கையோடு வந்துவிட்டது. உள்ளே இருந்த மரம் நனைந்த புகையிலை மாதிரி கறுத்துப் பிய்ந்தது.

மாமா திரும்பி வந்து மேசையில் தலை ஒரு பக்கமும் தண்டு ஒரு பக்கமுமாகக் கிடப்பதைப் பார்த்தார். கூடையைக் கீழே வைத்தார்.

"யாரக் கேட்டுப் பிரிச்ச?"

"பாருங்க மாமா, எப்படி இருக்குன்னு."

"நான் பாக்க வேண்டாம். இனி துரை பாப்பாரு. பட்லர் கெடுத்துப் போட்டான், அவனுக்க மருமவன் கண்டுபிடிச்சான்னு சொல்லுவாரு. நல்லா இருக்குடே."

"நான் சொல்ல மாட்டேன்."

"நீ சொல்லாண்டாம். அது சொல்லுதே." கறுத்த மரத்தைக் காட்டினார். கூடையை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். அன்று முதல் என்னுடன் பேச்சில்லை. சாப்பாடு மட்டும் மூடி வைத்திருப்பார். மீன் துண்டு வழக்கத்தைவிடப் பெரியதாக இருக்கும், பேச்சு இருக்காது.

எனக்கு வருத்தப்பட நேரமில்லை. உடைந்த கம்புகள் போட்டிருந்த பெட்டியைக் கவிழ்த்தேன். மேல்நுனி ஒடிந்த ஒரு ஹிக்கரி தண்டு கிடந்தது. தட்டினேன்: டங். ஒடிந்த நுனியை அறுத்து நேராக்கினால் பழையதைவிட இரண்டு விரற்கடை குட்டை. பரவாயில்லை. கண்ணாடிச் சில்லால் அடியைச் சீவிச் சீவி இரும்புக் கழுத்துக்குள் இறங்கும்படி செய்தேன். அவசரத்தில் கொஞ்சம் அதிகமாகவே சீவிவிட்டேன். அதற்கென்ன, ஆசாரிமார் நாற்காலிக் காலுக்குப் போடுகிற வச்சிரப்பசை இருக்கிறதே. கோட்டாற்றிலிருந்து வாங்கிவந்து காய்ச்சி ஊற்றி இறக்கினேன். பழைய ஆணி உதவாது. கிடைத்த பித்தளை ஆணி துவாரத்துக்குச் சற்று மெலிசு. பசை இருக்கும்வரை ஆணிக்கு வேலையில்லை என்று தேற்றிக்கொண்டேன். மெழுகு நூல் சுற்றி, புதுத் தோல் போட்டு, புதன்கிழமை சாயங்காலம் சுவரில் சாத்தி வைத்தேன். இரண்டு நாள் உலரட்டும். அந்த இரண்டு நாளும் அரை மணிக்கு ஒரு தரம் போய்ப் பார்த்து, தொடாமல் திரும்பி வருவது எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. வெள்ளிக்கிழமை பொழுது சாயத் தட்டினேன். டங். வெள்ளி தோறும் போவதுபோல் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சாப்பிட்டுவிட்டு அங்கேயே படுத்துக்கொண்டேன்; மற்ற ராத்திரிகள் கிளப்பில்தான்.

சனிக்கிழமை விடிந்ததும் சைக்கிளை மிதித்துக் கம்பு அறைக்குள் நுழைந்தேன். சுவரில் மாஷி இல்லை. மூலையில் வாளி. வாளிக்குள் தலைகீழாக மாஷி.

கழுத்து முழுகத் தண்ணீர். தண்ணீர் மஞ்சளாக, கஞ்சி மாதிரி வழவழவென்று இருந்தது. வச்சிரப்பசை தண்ணீரில் கரையும். இது ஆசாரித்தெருவில் நடக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். மாமாவுக்கு நான் பசை போட்டதே தெரியாது. நாங்கள்தான் நாலு நாளாகப் பேசிக்கொள்ளவில்லையே.

பின்னால் மாமா வந்து நின்றார். வெள்ளைக் கோட்டு இஸ்திரி போட்டு விறைப்பாக இருந்தது. நாலு நாளுக்குப் பிறகு முதல் பேச்சு:

"நீ கஷ்டப்பட்டுச் செஞ்சதாக்கும். ராத்திரி பாத்தேன், நல்லாத்தான் செஞ்சிருக்க. ஒரு ராத்திரி வெள்ளத்துல கெடந்தா இன்னும் உறப்பாப் பிடிக்கும்னு போட்டேன். இப்பம் பாரு, அசையாது."

அசைத்துப் பார்த்தேன். அசையவில்லை. மரம் ஊதிப் பிடித்திருந்தது. பசை வாளியில் இருந்தது.

"மாமா, இதுல பசை ஊத்தியிருந்தேன்."

அவர் வாளிக்குள் விரலை விட்டார். இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. வெளியே மோட்டார் வந்து நிற்கிற சத்தம். திருவனந்தபுரத்துக்காரர்கள்.

"இப்பம் என்ன செய்ய மக்கா?"

என் தலைக்குள் எல்லாம் ஒரே சமயத்தில் ஓடின. மறுபடி பசை போட நேரமில்லை. துரையிடம் சொன்னால் மாமாவின் பதினெட்டு வருஷமும் வாளியோடு வெளியே வரும். சொல்லாவிட்டால் வெயில் ஏறி மரம் உலரும்; உலர்ந்தால் தலை கழலும். உலராவிட்டால்?

"மாமா, ஆட்டத்துல தண்ணி கொண்டு வாறது நீங்கதானே?"

"கூஜாவுல. பெறவு சர்பத்தும் உண்டு."

"நீங்க என் பக்கத்துலயே வரணும். ஒவ்வொரு குழியிலயும் எனக்குக் கொஞ்சம் தண்ணி வேணும். குடிக்க இல்ல."

மாமா என்னையும் கம்பையும் பார்த்தார். ஒரு சுத்தமான கைத்துணியைக் கிழித்து நீட்டினார்.

துரைசானி மாஷியை வாங்கியதும் சொன்னார்: "இது எனக்க கம்பு இல்லியே."

"தலை உங்களுடையதுதான். தண்டு உள்ளே மக்கியிருந்தது. வேறே போட்டிருக்கேன். ரெண்டு விரற்கடை குட்டை."

காதருகே வைத்துக் குலுக்கினார். தரையில் ஊன்றி அழுத்தினார். "கொள்ளாம். ஆடல்ல," என்று ஒப்புக்கொண்டார்.

வந்தவர்களின் கம்புகளைப் பார்த்தேன். அத்தனையும் எஃகுத் தண்டு, வெயிலில் பளபளவென்று. ஒருவர் கம்பைப் பையிலிருந்து உருவி அடித்துவிட்டு, ஈயைத் துரத்துகிற மாதிரி அலட்சியமாகத் திரும்பப் போட்டார். எனக்கு அதில் ஒன்றையாவது தட்டிப் பார்க்கக் கை துறுதுறுத்தது. எங்கள் துரை அவற்றைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. எஃகு வந்தால் என்னைப் போன்ற ஆள் எதற்கு?

ஆறு குழிகளை மூன்று தரம் சுற்ற வேண்டும். துரைசானியின் பை என் தோளில். மாஷியை மட்டும் பையில் போடாமல் கையில் பிடித்துக்கொண்டேன், கழுத்தில் ஈரத்துணி சுற்றி. குழிக்குக் குழி மாமா கூஜாவைச் சாய்ப்பார். நான் துணியை நனைப்பேன். பொட்டலில் ஒரு புளியமரம்தான் நிழல். அங்கே வந்ததும் நிழலில் ஓடிப்போய் நிற்பேன். பந்து எங்கே விழுந்தது என்பதுகூட எனக்குத் தெரியவில்லை. துரைசானி கையை நீட்டும்போதெல்லாம் துணியை உருவிக் கொடுப்பேன். அவர் அடிப்பார்; தலை இருக்கும்; பந்து போகும்; நான் ஓடிப்போய்க் கம்பை வாங்கித் துணியைக் கட்டுவேன்.

இரண்டாவது சுற்றில் கேட்டுவிட்டார். "ஏலே, எனக்க கம்புக்குக் காய்ச்சலா? நெத்தியில துணி போட்டிருக்க?"

"வெயில் அதிகம்."

"எனக்கும்தான் வெயில். எனக்கு யாரு போடுதா?"

மாமா உடனே கூஜாவை நீட்டினார். அவர் சிரித்துக்கொண்டே குடித்தார். நான் மட்டும் மனதுக்குள் கணக்குப் போட்டேன், இன்னும் எத்தனை மடக்குத் தண்ணீர் மிச்சம் என்று.

மூன்றாவது சுற்றின் ஐந்தாவது குழியில் அந்தத் தண்ணீர் தீர்ந்தது. விருந்தாளிகள் வரிசையாக நின்று குடித்தார்கள். மாமாவால் எப்படி மறுக்க முடியும்? அவர்கள் தலையைச் சாய்த்துக் குடிப்பதை, ரேழியில் வைத்த பாலைப் பூனை குடிப்பதைப் பார்க்கிற மாதிரி நாங்கள் இரண்டு பேரும் பார்த்தோம். சானல் வெடித்துக் கிடந்தது. கிணறு கிளப்புக்குப் பின்னால். துணி சூடாகிவிட்டது. விரலால் தலையைத் தொட்டுப் பார்த்தேன். ஒரு மயிரிழை திரும்பியது.

"மாமா."

"வெள்ளம் இல்ல மக்கா." அக்கம்பக்கம் பார்த்தார். "சர்பத்து இருக்கு."

எலுமிச்சம்பழமும் சீனியும் கரைத்த சர்பத்து. விருந்தாளிகளுக்கென்று முடிவில் கொடுக்க வைத்திருந்தது. கண்ணாடிக் குடுவையைத் துணியின் மேல் சாய்த்தார், கோட்டின் மறைவில். ஒரு கையளவு ஊற்றினார். இன்னும் கொஞ்சம் ஊற்றினார்.

ஆறாவது குழி. சானலைத் தாண்டி அடிக்க வேண்டிய அடி. துரைசானி கையை நீட்டினார். துணியை உருவிக் கொடுத்தேன். பிடியை மாற்றிப் பிடித்து, இரண்டு தரம் ஆட்டிப் பார்த்தார். மூன்றாவது தரம் ஆட்டினால் நான் விழுந்திருப்பேன். அடித்தார். பந்து பள்ளத்துக்கு மேலே போய் மணல் வட்டத்தில் இறங்கி, அங்கேயே உட்கார்ந்தது. தலை கம்பில் இருந்தது. மாமா கோட்டின் கையால் முகத்தைத் துடைத்தார்.

மேட்ச்சில் தோற்றுவிட்டோம். மாஷியால் அல்ல, செக்ரட்டரி துரை ஒரு முழத் தூரத்தில் கிடந்த பந்தைக் குழிக்குள் தள்ளத் தவறினார். அதனால் சாயங்காலம் வராந்தாவில் அவர் முகம் இன்னும் சிவப்பாக இருந்தது. விருந்தாளிகள் போன பிறகு அவரும் துரைசானியும் மட்டும் பிரம்பு நாற்காலியில் இருந்தார்கள். கம்புகளை மேசையில் பரப்பி நான் துடைத்துக்கொண்டிருந்தேன். மாமா தேநீர் கொண்டுவந்தார்.

"நாமும் எஃகு வாங்க வேண்டியதுதான்," என்றார் துரை.

"ரப்பர் விக்குத வெலைக்கா?" என்றார் தமக்கை. கையை நீட்டி மாஷியை எடுத்தார். எடுத்தவர் கண்ணைச் சுருக்கினார். "ஏலே, எனக்க மாஷியில என்னத்துக்கு உறும்பு?"

கழுத்தைச் சுற்றி எறும்பு வரிசையாக ஏறிக்கொண்டிருந்தது. நூலுக்குள் சில புகுந்து வெளியே வந்தன. அவர் விரலால் தட்டிவிட்டார்; விரல் ஒட்டிக்கொண்டது; முகர்ந்து பார்த்தார். "எலுமிச்சங்காய்," என்றார். பிறகு தலையைப் பிடித்து லேசாகத் திருகினார். மெலிசான பித்தளை ஆணி வளைந்து தரையில் விழுந்தது. தலை அவர் ஒரு கையிலும் தண்டு மறு கையிலும் வந்துவிட்டன.

துரை தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "பட்லர், இது என்ன?"

"நான்தான் வெள்ளத்துல போட்டேன் துரை," என்றார் மாமா. "நான்தான் பிரிச்சேன்," என்றேன் நான். இரண்டும் ஒரே சமயத்தில் வந்துவிட்டன. பிறகு ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னோம்: பதினெட்டு வருஷ வாளி, மக்கிய மரம், பசை, கூஜா, சர்பத்து. துரைக்குத் தமிழ் அந்த வேகத்தில் புரியவில்லை. துரைசானிக்குப் புரிந்தது. சர்பத்து வந்த இடத்தில் அவர் தோள் குலுங்கத் தொடங்கியது.

துரை என்னைப் பார்த்தார். "நான் என்ன சொன்னேன்? ஒரு கம்பு தகராறு பண்ணினாலும்..."

"மேட்ச்சுல பண்ணல்லியே," என்றார் தமக்கை. "பெறவுதானே பண்ணுது." தலையைக் கவிழ்த்துக் கழுத்துக்குள் பார்த்தார். "இவன அனுப்பிப் போட்டா மழைக்காலம் முழுக்கப் பட்லர் ஒண்ணு விடாம வாளியில போடுவான். பட்லர் கையிலேருந்து கம்பக் காப்பாத்த ஒரு ஆளு வேணும். இருக்கட்டும்."

மாமா தேநீர்த் தட்டை எடுத்தார், மறுபடி வைத்தார். அது மன்னிப்பா அவமானமா என்று அவருக்குப் பிடிபடவில்லை. எனக்கும்தான்.

"தண்டு புதுசா போடு," என்றார் துரைசானி என்னிடம். "பசை நல்லா ஒணங்கின பெறவு கொண்டு வா. அவசரப்படாத." அது என்னால் முடியாது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்; சொல்லும்போதே சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் மழைக்காலம் முழுவதும் வேலை இருக்கிறது என்று சொன்னேன். "அடுத்த மிதுனம்," என்றார். அதற்குள் ஏதாவது நடக்கும் என்று நான் நினைத்தேன். என்ன நடக்கும் என்று தெரியவில்லை.

இடவப்பாதி வந்தது. மலை மறைந்துபோகும்படி மழை. பொட்டலில் யாரும் இறங்கவில்லை. நான் அறைக்குள் அடைபட்டு, காலையில் துடைத்த இரும்பு சாயங்காலத்துக்குள் சிவப்பதைப் பார்த்து மறுபடி துடைத்தேன். மாஷிக்குப் புதுத் தண்டு போட்டு, பசை உலர ஒரு வாரம் தொடாமலிருந்தேன். அந்த ஒரு வாரத்தில் கிளப் வராந்தாவை நடந்தே தேய்த்திருப்பேன்.

மாமா என்னோடு பேசினார், முன்போல் இல்லை. வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததும் வாளியோடு அறை வாசலில் வந்து நிற்பார். உள்ளே காலெடுத்து வைக்கமாட்டார்.

"ஊறப்போட ஒண்ணும் இல்லியா?"

"இல்ல மாமா."

"செரி," என்று போய்விடுவார். அடுத்த வெள்ளியும் வருவார். கையில் வாளி காலியாக இருக்கும். அப்படி மூன்று தரம் போனார். நாலாவது தரம் அவர் வரும் நேரத்துக்கு முன்பே தோட்டக்காரரின் கொட்டகைக்கு மழையில் ஓடினேன். மூலையில் இருந்த மண்வெட்டியை எடுத்துத் தலையை அசைத்தேன். நன்றாக ஆடியது. கொண்டுவந்து வாசலில் சாத்தி வைத்தேன்.

மாமா வந்தார். மண்வெட்டியைப் பார்த்தார். எடுத்துப் பிடியை ஒரு கண்ணை மூடி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பிறகு விரல் முட்டியால் தட்டினார்.

"இதுல பசை கிசை ஊத்தியிருக்கியா?"

"இல்ல மாமா."

கூரையிலிருந்து ஒழுகுகிற தண்ணீருக்கு அடியில் வாளியை வைத்தார். நிறையும்வரை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். என் கால் ஆடிக்கொண்டிருந்தது. "நில்லுடே," என்றார், மண்வெட்டியைத் தலைகீழாக உள்ளே இறக்கிக்கொண்டே.